கல்லில் எந்த ஆண்டு

2025 செப்ரெம்பர் 13, சனிக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்று காலை எழுதிய பதிவு இது: "பிற்பகல் கீழ்வீட்டு அக்காவிடம் தேநீர். கல்லறைக் கல்லில் இரண்டு ஆண்டுகள் பொறிக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் இரண்டிலும் உடன்படவில்லை. கல் செதுக்குபவர் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார். நான் தீர்த்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்."

கடைசி வரியை எழுதியபோது எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஈழத்து ஆட்களுக்கு ஒரு திகதி தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். யார் எப்போது வந்தார், எந்தக் கோயில் எப்போது தொடங்கியது, எந்தப் போர் எந்த மாதம் என்று கேட்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த 1985 முதல் நாள் தவறாமல் எழுதுகிறேன்; வரலாற்று நூல்கள் கையில் அகப்பட்டால் விடுவதில்லை.

அக்கா ஈரானியப் பெண். அவருடைய கணவர் என் நண்பர். அந்த ஆண்டு ஜனவரியில் இறந்தார். அபதானில் பிறந்து, அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்தவர். பிறகு இங்கே, என்னோடு, ஆலைத் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தக் குழுவில் இருந்தார். "தொட்டி அதே தொட்டிதான் தம்பி, குளிர்தான் புதுசு" என்பார். நாங்கள் பேசியதெல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். இங்கே என் தமிழில் தருகிறேன்.

இருவரும் ஒரே வாசலால் வந்தவர்கள். சோவியத் விமானத்தில் கிழக்கு பேர்லின், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். மேற்கை எரிச்சலூட்டுவதற்காகக் கிழக்கு ஜேர்மனி அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1986 ஒக்ரோபரில் அதை மூடினார்கள். இரண்டு வல்லரசுகளின் சண்டையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

இனி ஆண்டுக் கணக்கு. ஈரானில் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறக்கிறது; நபி மக்காவை விட்டு மதீனா போன ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள். 1976இல் அமெரிக்காவின் நண்பரான மன்னர் அதை மாற்றி, பண்டைய பாரசீகப் பேரரசிலிருந்து எண்ணச் சொன்னார். 1355 வரவேண்டிய புத்தாண்டில் மக்கள் 2535இல் விழித்தார்கள். மதகுருமார் கொதித்தார்கள். 1978இல், தெருக்கள் கையை விட்டுப் போகும் வேளையில், மன்னர் பழைய கணக்கைத் திருப்பிக் கொடுத்தார். அதனாலும் அவர் தப்பவில்லை; அடுத்த ஆண்டு ஆட்சி மதகுருமார் கைக்குப் போனது.

நண்பரின் மகன் டுசல்டோர்ஃபில் மின்வேலை செய்பவர். காரின் பின்கண்ணாடியில் சிங்கமும் சூரியனும் உள்ள, மன்னர் காலத்துப் பழைய கொடி ஒட்டியிருப்பார். தகப்பனுக்கு 2510 – 2583 என்று போட வேண்டும் என்றார். மகள் சிறுவர் பள்ளி ஆசிரியை. வளர்ந்த பிறகு தானாகவே முக்காடு போட்டுக்கொண்டவர். அவருக்கு 1330 – 1403. ஜூன் மாதம் இஸ்ரேலும் பின்பு அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு போட்டபோது, "இந்த ஆட்சிக்கு முடிவு நெருங்குது" என்று மகன் குடும்பக் குழுவில் எழுதினார். மகள் குழுவிலிருந்து விலகினார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. மற்றவருடைய ஆண்டு கல்லில் இருந்தால் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று ஆளுக்காள் தாயிடம் சொல்லிவிட்டார்கள்.

"கல்லை வைச்சா ஒரு பிள்ளை வராது, தம்பி. வைக்காட்டி மனுசன் மரப்பலகைக்குக் கீழ கிடப்பார்" என்று முதல் நாள் அக்கா சொல்லியிருந்தார். "நீங்கள் திகதி தெரிஞ்சவர். வந்து ஏதாவது சொல்லுங்கோ."

அன்று பிற்பகல் தேநீருக்கு இருவரும் தாய்க்காக வந்திருந்தார்கள், மேசையின் இரண்டு முனைகளில். மகன்தான் தொடங்கினார்.

"மன்னர் காலத்தில அப்பாவுக்கு நல்ல சம்பளம். வீடும் குடுத்தவை."

"அந்த மன்னருக்கு எதிராத்தானே அப்பா வேலைநிறுத்தத்தில நிண்டவர்" என்றார் மகள். "அவற்ற ஆண்டை அப்பாவின்ர தலைமாட்டில வைக்கப்போறியோ?"

"பிறகு உன்ர ஆக்கள் வந்து அப்பாவைத் தேடிக் கதவை உடைச்சவை. அவையின்ர ஆண்டைப் போடு, திரும்பவும் கண்டுபிடிக்க லேசாயிருக்கும்."

"அது அவையின்ர ஆண்டில்லை. நபியின்ர ஆண்டு."

இருவரும் சொன்னது உண்மை. 1978 இலையுதிர்காலத்து எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நண்பர் இருந்தார். 1983இல் புதிய ஆட்சி இடதுசாரிகளைப் பிடித்தபோது ஒளிந்தார். அவர் நம்பியிருந்த சோவியத் நாடு அதே காலத்தில், ஈரானோடு போரிட்ட ஈராக்குக்கு ஆயுதம் விற்றுக்கொண்டிருந்தது.

நான் என் தீர்வை மேசையில் வைத்தேன். "1951, 2025. இந்த ஊர்க் கணக்கு. ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஆண்டு."

மகன் சிரித்தார். "உங்களுக்குச் சொந்தமில்லையோ, அமு?" அமு என்றால் அவர்கள் மொழியில் சித்தப்பா. "ஞாயிற்றுக்கிழமையில ஆரைக் கும்பிடப் போறனீங்கள்?"

"உங்கட வாசலிலயும் அவற்ற படம்தான் தொங்குது" என்றார் மகள்.

ஜூனுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா பின்னர் சொன்னார். நாற்பது ஆண்டுகள் அந்தக் கணக்கில் எழுதியவன் நான். அது யேசுவின் பிறப்பிலிருந்து எண்ணுவது என்று அன்றுவரை எனக்கு ஒருவரும் நினைவுபடுத்தியதில்லை.

அக்கா அடுப்பில் நின்றபடியே பேசினார். "மனுசனைக் கேட்டிருந்தா மூண்டும் வேண்டாமெண்டிருப்பார். எப்ப பிறந்தனீங்கள் எண்டு கேட்டா ஒருநாளும் ஆண்டு சொன்னதில்லை."

"வெள்ளைக்காரன் கப்பலேறின அண்டைக்கு" என்றார் மகன், தகப்பனின் குரலில்.

"மருத்துவிச்சி பிந்தி வந்தவ. ஊரே ஆத்தங்கரையில நிண்டு பாத்ததாம்" என்றார் மகள்.

"பிந்தினது மருத்துவிச்சி இல்லை, அப்பப்பாதான். அவர் கரையில நிண்டவர்."

"உனக்கு அப்பா பிழையாச் சொல்லியிருக்கிறார்."

"உனக்குத்தான் பிழை. நீ பாதியில நித்திரையாப் போயிடுவாய்."

இது வேறு விதமான சண்டை. எண்ணெயை ஆங்கிலேயரிடமிருந்து ஈரான் தன் வசமாக்கிய 1951இல், ஒக்ரோபர் தொடக்கத்தில், கடைசி ஆங்கிலேயர்கள் அபதானை விட்டுக் கப்பலில் போனது வரலாறு. பிள்ளைகள் இருவரும் அந்தக் கதையில் ஆளுக்கொரு துண்டை வைத்திருந்தார்கள்.

"அதையே கல்லில போடுவம்" என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. நண்பரின் அடையாளச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் பிறந்த நாள் ஷாரிவர் மாதத்தின் கடைசி நாள், அதாவது செப்ரெம்பர் இருபதுகளில். கப்பல் போனது அதற்குப் பிறகு. அதைச் சொன்னேன்.

"அது பள்ளிக்கூடத்துக்கு" என்றார் அக்கா. "அடுத்த நாள் பள்ளிக்கூடம் துவங்கும். அதுக்கு முதல் பிறந்த பிள்ளையைத்தான் அந்த வருசம் சேர்ப்பினம். பிந்திப் பிறந்தா தாய் தேப்பன் முந்திப் பதிவினம். எங்கட தெருவில பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள்."

"ஆதாரம் இல்லாததைக் கல்லில வெட்ட ஏலாது, அக்கா."

"ஆதாரத்தை நீங்கள் தேடுங்கோ. எனக்கு ரெண்டு பிள்ளையளும் வரவேணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாடியேறி வந்து மனைவியிடம் சொன்னேன். "நாப்பது வருசமாத் திகதி எழுதுறியள்" என்றார் அவர். "கடைசியில உங்களை வைச்சுக்கொண்டுதான் திகதி வேண்டாமெண்டு முடிவெடுத்திருக்கினம்."

கல் செதுக்குபவர் இரண்டு தடவை தொலைபேசினார், எண்களை அனுப்ப மறந்துவிட்டீர்களா என்று. நாங்கள் அனுப்பியது பெயரும், அதன் கீழ் பாரசீக மொழியில் இரண்டு வரிகளும் மட்டும்: ஆங்கிலேயர் அபதானை விட்டுப் போன நாளில் பிறந்தார். கெல்சென்கிர்ச்சனில் ஒரு குளிர்காலத்தில் மறைந்தார். மேலே பிஸ்மில்லாவும் இல்லை, சிங்கமும் இல்லை. அந்த இரண்டு விடயங்களிலும் அக்கா யாரையும் கேட்கவில்லை.

நவம்பரில் கல் வைத்தார்கள். இரண்டு கார்கள் தனித்தனியாக வந்தன. மகள் மெதுவாக ஓதினார். மகன் கைகளைச் சட்டைப்பையில் விட்டபடி, அவர் முடிக்கும்வரை நின்றார். பிறகு அக்காவின் ஒரு கையை மகனும் மறு கையை மகளும் பிடித்து, ஈரப் பாதையில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசிக் கப்பல் போனது ஒக்ரோபர் மூன்றா நான்கா என்பதிலேயே என் நூல்கள் ஒத்துப்போகவில்லை. அபதானின் பிறப்புப் பதிவுகள் ஈராக்குடனான போரில் எரிந்துபோனதாக அக்காவின் உறவினர் ஒருவர் சொல்கிறார். அதையும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. நண்பர் அந்த நாளில் பிறந்தார் என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படவில்லை.