பாங்கு நேரத்தில் விழுந்த அழுத்தம்

கட்டார் விசா வந்துவிட்டது. போகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் போக விருப்பமில்லை. பன்னிரண்டு வருடம் அங்கே எண்ணெய்க் குழாய்களில் அழுத்தமானி பூட்டியவன் நான். ஒரு லீவில் வந்து இறங்கியபோது என் மகள் கதவருகில் நின்று, "உம்மா, ஆரோ ஒரு மாமா வந்திரிக்காரு" என்றாள். அதைக் கேட்டபிறகு எப்படி மறுபடி போவது?

அதனால் சொந்தமாக ஓர் அழுத்த உணரி செய்தேன். நெல் அவிக்கும் மில்லில், பொயிலருக்குள் நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டும் கருவி. விரலளவுதான் இருக்கும். பித்தளை உடம்பைக் கல்முனையில் லேத்தில் கடைந்தெடுத்தேன். நாவிதன்வெளிப் பக்கம் மில் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், "வியாழக்கிழமை கொண்டு வாங்க. சரியாக் காட்டினா என்ட ரெண்டு மில்லுக்கும் எடுக்கிறன்" என்றிருந்தார். எடுத்தால் ஊர், எடுக்காவிட்டால் விமானம்.

மிச்சமிருந்தது ஒரு சோதனை. மாறாத அழுத்தத்தில் நாள்கணக்காக வைத்தாலும் உணரி ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மருதமுனையில் மாறாத அழுத்தத்துக்கு எங்கே போவது? பள்ளிவாசல் தண்ணீர்த் தாங்கி பத்து மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தண்ணீர் நின்றால் அடியில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். பாங்கு சொல்லும் மோதினாரிடம் கெஞ்சி, மோட்டார் அறைக்குள் அடிக்குழாயில் உணரியைப் பூட்டினேன். பக்கத்தில் மடிக்கணினி பதிந்துகொண்டிருந்தது. பாங்கு கேட்டால் எழுந்து போவேன், தொழுதுவிட்டு வந்து பார்ப்பேன்.

ஒவ்வொரு முறையும், நான் இல்லாத நேரத்தில் எண் விழுந்து எழும்பியிருந்தது. நாளைக்கு ஐந்து தடவை, பாங்கு நேரத்தில் மட்டும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு எல்லாம் உடனே விளங்கிவிடும், அதுதான் என் வியாதி. ஒலிபெருக்கியின் அம்ப்ளிஃபயர் அதே அறையில் இருந்தது. அதுதான் என் உணரியைக் குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். பிரியாணிச் சட்டிக்கென்று மனைவி வைத்திருந்த ஈயத்தாள் முழுவதையும் வயரில் சுற்றினேன். எண் விழுந்தது. தனியாக பற்றரி கொடுத்தேன். விழுந்தது. கடைசியில் மோதினாரிடமே போனேன்.

"ஒரு நேரத்துக்கு மட்டும் மைக் இல்லாமப் பாங்கு சொல்லேலாதா?"

"இத்தின வருசமாப் பாங்கு சொல்றன். மைக்க நிப்பாட்டச் சொன்ன மொத ஆள் நீங்கதான் தம்பி."

நான் வீடு சேருமுன் கதை வீடு சேர்ந்திருந்தது. "பாங்கு சத்தம் உங்களுக்குக் கரச்சலாமே?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி.

புதன்கிழமை மானத்தை விட்டேன். பாங்கு நேரம் வந்ததும் எண்ணைத் தானாகத் தூக்கிவிடும்படி மடிக்கணினியின் நிரலில் நாலு வரி சேர்த்தேன். கட்டாரில் என் கீழ் வேலை செய்த எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அன்று அந்தித் தொழுகையான மஃரிபுக்கு, பின்னேரம் அஸருக்கு எடுத்த வுளூ முறியாமல் இருந்ததால் கைகால் கழுவப் போகவில்லை. அறையிலேயே இருந்தேன். பாங்கு தொடங்கியது. எண் விழவில்லை, என் நாலு வரியின் தயவில் சும்மா ஏறி நின்றது. பாங்கு முடிந்தது, சனம் வந்தது. சுவருக்கு மறுபக்கம் வுளூ எடுக்கும் குழாய்கள் இருபதும் ஒன்றாகத் திறந்தன. அப்போதுதான் எண் விழுந்தது.

தண்ணீர் ஓடினால் குழாயில் அழுத்தம் குறையும். இது இந்தத் தொழிலின் முதல் பாடம். உணரி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நேரமும் அந்த இருபதில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து அதைத் திட்டியவன் நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். வெட்கத்தோடு நாலு வரியையும் அழித்தேன்.

வியாழக்கிழமை மில்லில் உணரியைப் பூட்டினேன். பொயிலரின் பழைய மீட்டர் முள் மூன்றில் நின்றது. என் திரை பூச்சியம் காட்டியது.

"பதினஞ்சு வருசமா ஆடாம அசையாம மூணு காட்டுற மீட்டர் அது," என்றார் ஹாஜியார். "உங்கடது பொய் சொல்லுது."

முன்னைய நான் என்றால் உடனே உணரியைக் கழற்றியிருப்பேன். ஆனால் அதை ஒருமுறை அநியாயமாகப் பழித்தாயிற்று. பொயிலரைப் பார்க்கும் வீரமுனை ஆளிடம் கேட்டேன்.

"அண்ணன், நெருப்பு எப்ப மூட்டின நீங்க?"

"இன்னும் மூட்டல்லயே தம்பி. நெல்லு இப்பதானே ஊறுது."

ஹாஜியார் மீட்டர் கண்ணாடியைத் தட்டினார். முள் மூன்றிலேயே நின்றது.

"அப்ப நீ இவ்வளவு நாளும் எத வெச்சு நெருப்புக்கு உமி போட்ட?"

"பொயிலர்ட சத்தத்தக் கேட்டுத்தான் முதலாளி. அந்த மீட்டர ஆரு பாக்கிற?"

ஹாஜியார் பொயிலரை ஒரு தரம் பார்த்தார். நெருப்பில்லாத பொயிலரிலிருந்து மெல்ல இரண்டு அடி பின்னால் வைத்தார். "ரெண்டு மில்லுக்கும் நாளைக்கே பூட்டுங்க," என்றார்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மனைவி உள்ளே திரும்பி, "வாப்பா போகல்லயாம்" என்று சொன்னது கேட்டது.

"எங்க போக இருந்தாரு?" என்றாள் மகள். அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை.

"கடைக்கு," என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி. "போய் ஈயத்தாள் வாங்கிட்டு வரச் சொல்லு."