செர்டாங் கடைக் கூரைமேல் பறந்த எரிகற்கள்

போன சனிக்கிழமை செர்டாங்குக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. மேற்படிப்பு ஆய்வுக்காக இரண்டு கூரைகளில் கேமரா வைத்திருக்கிறேன். ஒன்று நகர்ப்புறமான மெர்கோங்கில் என் வீட்டில், மற்றொன்று செர்டாங்கில் செல்வம் அண்ணனின் மளிகைக் கடையில். இரவு முழுக்க அவை எடுக்கும் வானப் படங்களில், எரிகற்கள் இழுக்கும் கோடுகளை ஓர் ஆழ்கற்றல் நிரல் தேடிப் பிடிக்கும். செர்டாங்கில் மட்டும் எக்கச்சக்கமாகப் பிடித்தது. இருட்டான ஊர், அதனால்தான் என்று மகிழ்ந்து கட்டுரையும் எழுதிவிட்டேன். “அனுப்புறதுக்கு முன்னாடி நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வாங்க” என்றார் பேராசிரியர். கட்டுரை ஏற்கப்பட்டால் பட்டம். பட்டம் வந்தால் சிங்கப்பூரில் இருக்கும் கணவரோடு போய்ச் சேரலாம். மூன்று வருடமாக எங்கள் குடித்தனம் வீடியோ காலில்தான் நடக்கிறது.

பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்துக்குப் போகும் வண்டிகள் நெரித்ததில் ஆறு மணி தாண்டிவிட்டது. போக வர டோல், பெட்ரோல் எழுபது ரிங்கிட். நீங்கள் காலையிலேயே கிளம்புங்கள், இடுப்பாவது மிஞ்சும்.

“கேமரா கெட்டுப்போச்சா தங்கச்சி?” என்று பால் விடாத தே ஓ தேநீரை வைத்தார் அண்ணன்.

“நல்லாதான் ஓடுது அண்ணே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

மாடியில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்து கடைவாசல் விளக்கு எரிந்தது. பின்பக்கச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் எழும்பி, கேமராவுக்கு நேர் மேலே போனது. ஆந்தை. பின்னாலேயே இன்னொன்று. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா பல நொடிகள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குள் அந்த வெளிச்சத்தில் பறப்பதெல்லாம் வெள்ளைக் கோடாகிவிடும். என் எரிகற்களில் எத்தனை ஆந்தையோ.

இறங்கி வந்து கேட்டேன். “அண்ணே, இங்க ஆந்தை இருக்கா?”

“நெறைய இருக்கு லா. எலி பிடிக்க எஸ்டேட்ல பெட்டி வச்சு வளக்கிறாங்க.”

“ராத்திரி என்ன பறக்கும்னு கேமரா வச்ச அன்னைக்கே கேட்டேனே. பிளேன்தான்னு சொன்னீங்க.”

அண்ணன் தயங்கினார். “சூடம் காட்டி கேமரா வச்சோம். நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்ப அது பேரை வாயில எடுப்பாங்களா தங்கச்சி?”

அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிரலையும் குறை சொல்ல முடியாது. முதலில் நான் கையால் எரிகல் என்று குறித்துக் கொடுத்த படங்களைப் பார்த்துத்தான் அது கற்றது. நான் ஆந்தையைக் காட்டியிருக்கிறேன், அது சமர்த்தாக ஆந்தையைத் தேடியிருக்கிறது.

காரில் உட்கார்ந்தே பேராசிரியரிடம் போனில் சொன்னேன். படங்களை முதலிலிருந்து குறிக்க வேண்டும், இன்னொரு கல்விப் பருவம் ஆகும் என்றார். அழக்கூடத் தெம்பில்லை.

கூரையில் கேமரா வைக்கப் போகிறவர்களுக்கு: வைப்பதற்கு முன் ஒரு மாலையாவது அங்கே நின்று பாருங்கள். கேட்டால் மட்டும் போதாது. நம் ஆட்கள் நல்ல நேரத்தில் நல்லதைத்தான் சொல்வார்கள்.

வீடு திரும்பியதும் கணவர் அழைத்தார். “பாத்துட்டியா? எல்லாம் சரிதானே? இங்க வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன்.”

திரையில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. “நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டேன்.