தூக்கச் சொன்ன துடுப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. மொன்றியலில் சென் லோரன்ஸ் ஆறு பாறைகளில் மோதிக் கொந்தளிக்கும் லசீன் பகுதியில் ரப்பர் படகில் போனோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதின்மூன்று வயதில் மன்னாரில் கடலுக்குப் போனேன். இங்கே ஒற்றை வக்கூம் மெசினோடு தொடங்கி, புவாண்ட்-கிளேரில் பதினொரு அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் கொம்பனியை யார் தயவும் இல்லாமல் உருவாக்கினேன். அன்று என் ஆட்கள் ஐந்து பேரையும் நானே அழைத்துப் போயிருந்தேன். ஒருவருக்கு நீந்தத் தெரியாது. தயங்கினார். "கடலிலை வளந்தவன் நான் பக்கத்திலை இருக்கிறன், பயப்பிடாமல் ஏறும் ஐசே" என்றேன். ஏறினார்.

வழிகாட்டி ஒரு பிரெஞ்சுப் பெண், இருபது வயதிருக்கும். தான் "அவான்" என்று கத்தினால் எல்லோரும் முன்னோக்கித் துடுப்பு வலிக்க வேண்டும், நிறுத்தவே கூடாது என்று கரையிலேயே பழக்கினாள். "இந்தப் பிள்ளை எனக்குத் தோணி வலிக்கக் காட்டித் தருது!" என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள்.

நடு ஆற்றில் சுவர் போல ஓர் அலை எழுந்து நின்றது. "அவான்! அவான்!" என்று அவள் கத்தினாள். கடலில் அப்படி அலை வந்தால் வலிப்பதை நிறுத்திக் குனிந்துகொள்வோம். அது தோணிக்கு அடியால் போய்விடும்.

"துடுப்பைத் தூக்குங்கோ! குனியுங்கோ!" என்று நான் கத்தினேன்.

ஐந்து துடுப்புகளும் ஒன்றாக மேலே போயின. சம்பளம் கொடுப்பவன் நான் அல்லவா.

ஆற்றில் அலை போவதில்லை. பாறைக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கும். நாங்கள்தான் வலித்து அதைக் கடக்க வேண்டும். வேகம் இழந்த படகு குறுக்கே திரும்பிச் சரிந்தது. நீந்தத் தெரியாதவரைக் காணவில்லை. அவருடைய சிவப்புத் தலைக்கவசம் ஒருமுறை மேலே வந்து மறைந்தது. கடலில் வளர்ந்த நான் படகின் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்தான் மற்றவர்களை வலிக்கவைத்து, படகை அவர் பக்கம் கொண்டுபோய், அவருடைய மிதவை அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

அவர் தண்ணீரைக் கக்கி முடிந்ததும், "துடுப்பை விட்டிட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரித் தூக்கினனான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

கரை வரைக்கும் அவள் "அவான்" என்று கத்தியபோதெல்லாம் வலித்தேன்.

பிறகு என் கொம்பனி இரண்டு மடங்காக வளர்ந்தது. ஆனாலும் நான் சொன்னதை யாராவது மறுபேச்சில்லாமல் செய்ய எழும்பினால், அந்தச் சிவப்புத் தலைக்கவசம் தண்ணீருக்குள் போவது இன்றும் எனக்குத் தெரிகிறது. "கொஞ்சம் பொறும்" என்று நானே நிறுத்திவிடுகிறேன்.