அம்மாவுக்கு மிஞ்சிய ஒரு சொல்

அம்மா முதன்முறையாக "இன்னா" என்று சொன்னபோது நான் கைதட்டினேன்.

காலை ஏழு மணி. பாரிவாக்கத்தில் எங்கள் வீடு. காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ம்மா, காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணினு வரட்டா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து, "இன்னா?" என்றாள்.

இதற்கு ஏன் கைதட்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா கஸ்தூரி டீச்சர். பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே எதிரி "இன்னா". வகுப்பில் அதைச் சொல்லும் பிள்ளை சிலேட்டில் பத்து முறை "என்ன" என்று எழுத வேண்டும். அதிகம் எழுதியது அவள் பெற்ற பிள்ளைதான். எழுதி முடித்துவிட்டு, "முடிச்சிட்டேன் டீச்சர், இப்போ இன்னா பண்ணட்டும்?" என்று கேட்பேன்.

எழுத்து மண்டையில் ஏறாத பிள்ளைகளின் முதுகில் விரலால் எழுதி, "இது என்ன எழுத்து, சொல்லுலே?" என்பாள். மற்ற பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். என் மகள் நிலாகூட நாலு வயதில் எல்லா எழுத்தையும் முதுகிலேயே படித்தாள். எனக்குக் கூச்சம். நெளிந்து சிரிப்பேனே தவிர ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. எட்டாம் வகுப்பில் பெயிலாகி, குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். இந்தக் கட்டுரையில் பிழை இல்லையென்றால் அது நிலா திருத்தியதால்தான்.

ஆக, அன்று கத்தினேன். "ரேவதி, ஓடியா! டீச்சர் நம்ம கட்சில சேந்துட்டாங்க!"

என் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "உன்கூட இத்தினி வருஷம் கீறாங்க. ஒட்டிக்காம இன்னா பண்ணும்?"

அம்மாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. நான்தான் தரையைத் துடைத்தேன். "இன்னா டீச்சர், கைல தெம்பு இல்லியா?" என்றேன். அவள் மறுபடி "இன்னா" என்றாள். கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. கோபம் என்று நினைத்தேன். ரேவதி அம்பத்தூருக்கு வேலைக்குப் போனாள், நிலா பள்ளிக்குப் போனாள், நான் வண்டியை எடுத்தேன். ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்தபோது அம்மா தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் (தலைக்குள் படம் எடுப்பது) முடிந்ததும் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கடைசியா எப்போ நல்லா பேசினாங்க?"

"காலீல ஏழு மணிக்குப் பேசினாங்க மேடம். இன்னான்னாங்க."

"வழக்கமா அப்படித்தான் பேசுவாங்களா?"

"இல்ல மேடம். அதான் சிரிச்சேன்."

அவர் எதையோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறதாம். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். "நேரம் தாண்டிடுச்சுப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மாவுக்கு வந்தது அஃபேசியா (மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டு, சொல் வாய்க்கு வராமல் போவது). சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம். அம்மாவுக்கு எது மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் வேண்டும் என்றாலும் அது, வலித்தாலும் அது, பேத்தி பள்ளியிலிருந்து வந்தாலும் அது. சொல்லிவிட்டு இடது கையால் வாயை மூடிக்கொள்வாள். தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பழைய மாணவர் பஷீர் பாய் பார்க்க வந்தார். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கிறார், பேரன் எடுத்தவர். "எப்டி கீறீங்க டீச்சர்?" என்றவர் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு, "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று திருத்திச் சொன்னார்.

"இன்னா" என்றாள் அம்மா.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட்டோம்.

தினமும் பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து, "என்...ன. சொல்லும்மா, என்...ன" என்பேன். அவள் என் வாயையே பார்ப்பாள். "இன்...னா."

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. "உனுக்கே அது வராது. நீ சொல்லிக் குடுத்தா அவங்களுக்கு எங்கேந்து வரும்?"

ஒரே ஒரு முறை அம்மா என்னைச் சரியாகத் திட்டினால் போதும் என்றிருந்தது. அதற்காகவே வேண்டுமென்றே "இன்னா" போட்டுப் பேசிப் பார்த்தேன். அவள் அழுதாள். அதோடு விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம். படுக்கைப்புண் (ஒரே பக்கம் படுத்தே இருப்பதால் தோல் பிய்ந்து வரும் புண்) வந்திருந்தது. மருந்து வைக்க அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். என் தோள்மீது சாய்ந்திருந்தாள். இடது கை என் முதுகில் இருந்தது. அந்தக் கையில் ஒரு விரல் நகர்ந்தது. மேலே போனது, வளைந்தது, கீழே இறங்கியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து.

நான் அசையாமல் இருந்தேன். அன்று கூச்சமே இல்லை. ஆனாலும் படிக்கத் தெரியவில்லை.

"இன்னாம்மா எழுதுற?" என்று கேட்டேன். விரல் நின்றுவிட்டது.

அது எழுத்தா, விழாமலிருக்க என்னைப் பிடித்துக்கொண்டதா, தெரியாது. அந்த மூளைக்கு எழுத்தும் வராது என்றார் டாக்டரம்மா. நிலா என் முதுகில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, "இதுவாப்பா? இது?" என்று கேட்டாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. முதுகில் எழுதுவது மக்குப் பிள்ளைகளுக்கான பாடம். நான் அதிலும் பெயில்.

பத்தாவது மாதம் நிமோனியா (நுரையீரலில் சளி கட்டி வரும் காய்ச்சல்). மூன்று நாள். கடைசி நாள் அந்த ஒரு சொல்லும் வரவில்லை. அது வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது வழக்கத்துக்கு மாறாகப் பேசினால், கை சோர்ந்தால், வாய் கோணினால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிரிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இப்போது காலை ஏழிலிருந்து பதினொன்றரை வரைதான் நாள். அதற்கு மேல் எல்லாம் நேரம் தாண்டியதுதான். அந்த நேரத்தில்தான் சவாரியும் அதிகம். வெயில் ஏற ஏற, கழுத்திலிருந்து வேர்வை ஒரு கோடாக முதுகில் இறங்கும். கொஞ்சம் வளையும். நான் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். எழுத்து முடியட்டும் என்று மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருப்பேன்.

பின் சீட்டிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"இன்னா?"