பசறை வீதி இருபது பேர்ச்

பதுளையில் காணி தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சிவஞானத்தைத்தான் தேடுவார்கள். தரகர்களில் அவர் கொஞ்சம் வேறு மாதிரி. காணியை மழை நாளில்தான் காட்டுவார். "தண்ணி எங்க நிக்குது, மண்ணு எங்க சரியுதுன்னு பாத்துட்டு வாங்குங்க" என்பார். நான் வேலை செய்யும், காணி உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் அவர் கொண்டுவந்த காணி எதிலும் பிறகு வழக்கு வந்ததில்லை.

அவர் பிறந்தது நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லய அறையில். அறுபத்தொரு வயதிலும் இருப்பது அங்கேதான். மனைவி ரெங்கம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அறை தோட்டத்துடையது. "ஊருக்கெல்லாம் காணி வாங்கிக் குடுக்குறீங்க, நமக்கு ஒரு கோழிக்கூடு வைக்க எடமில்லையேங்கிறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாங்குபவருக்கு முதலில் காணியைக் காட்டியவருக்கே தரகு. இடையில் பேச்சு முறிந்து, பிறகு அவர் இல்லாமலே விலை முடிந்தாலும், உறுதி எழுதும் நாளில் விற்பவர் நூற்றுக்கு மூன்று கொடுத்துவிட வேண்டும்.

போன வருடம் பசறை வீதியில் இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், காணியை விற்றுத் தரும்படி நிமலன் அவரிடம் கொடுத்தார். நிமலனின் அப்பா பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். மகன் இப்போது கொழும்பில். சிவஞானம் முதலில் கூட்டிப்போனது ஹாட்வெயார் கடை ஸப்ரானை. விலை கூடவென்று ஸப்ரான் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஏழு மாதம் யாரும் வந்ததாக நிமலனுக்குத் தகவல் இல்லை. நிமலன் விலையைக் குறைத்தார். அதைக் கேள்விப்பட்ட ஸப்ரான் நேரே கொழும்புக்குப் பேசி முடித்துக்கொண்டார்.

உறுதி எழுதும் நாளில் ஸப்ரான் சிவஞானத்தையும் கையோடு கூட்டி வந்தார்.

"எனக்குக் காணியக் காட்டினது இவர்தான். இவருக்குச் சேர வேண்டியத நீங்க குடுக்கணும், நிமலன்."

நிமலன் முகம் சுருங்கியது. "ஏழு மாசமா ஒரு ஆளக்கூடக் கூட்டிட்டு வரல. வெலையக் கொறச்சதே அதனாலதான். பரவாயில்ல, வழக்கம்னா குடுக்கத்தான் வேணும்." காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"எழுதாதீங்க தம்பி," என்றார் சிவஞானம். "ஆளுங்க வந்தாங்க. நாலு பேர். பேச்சு முடிஞ்ச மாதிரிதான்னு சொல்லி நான்தான் திருப்பி அனுப்புனேன்."

"ஏன்?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "கீழ்ப்பக்கம், ஓடையோரமா ஒரு எட்டு பேர்ச்... எனக்குப் புடிச்சிருந்துச்சு."

"பாத்தீங்களா, புரோக்கர் அண்ணனும் ஒரு காணியில கண்ணு வெச்சிருக்காரு!" என்று ஸப்ரான் சிரித்தார். கூடச் சிரிக்க யாருமில்லாததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் மானாப்புல் வெட்டியதைச் சிவஞானம் சொன்னார். ஒருநாள் ரெங்கம்மாவையும் கூட்டிப் போயிருக்கிறார். குசினி இந்தப் பக்கம் இருந்தால் புகை வீட்டுக்குள் வராது, சமைத்துக்கொண்டே மலையையும் பார்க்கலாம் என்று அவள் கையைக் காட்டினாளாம். அதற்குப் பிறகு அந்த இடத்தை வேறு யாருக்கும் காட்ட மனம் வரவில்லை. அவள் ஓய்வுபெற்று சேமலாப நிதிப் பணம் வந்ததும் கேட்கலாம் என்று இருந்திருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார் நிமலன். குரல் இறங்கியிருந்தது. "பிரிச்சுக் குடுத்திருப்பேன். மிச்சக் காச மெதுவா வாங்கியிருப்பேன்."

"இருபத்திரண்டு வருசமா மத்தவங்களுக்குக் கேட்டே பழகிட்டேன் தம்பி. எனக்குன்னு கேக்க வாய் வரல."

நிமலன் காசோலையை எழுதி அவர் பக்கம் தள்ளினார். சிவஞானம் ஒற்றை விரலால் அதைத் திருப்பித் தள்ளினார்.

"காட்டினவனுக்குத் தரகு, சரிதான். ஆனா காணியக் குடுத்தவருக்காக நிக்கணும்ல? நான் எனக்காக நின்னுட்டேன். ஒங்களுக்கு எவ்வளவு நட்டம்னு எனக்குத் தெரியும்."

"வீட்டுல அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் ஸப்ரான்.

"அவ கேக்க மாட்டா முதலாளி. அதான் கஷ்டம்."

உறுதி சிங்களத்தில் இருந்தது. எல்லைகளைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை. வடக்கே வீதி, கிழக்கே தனியார் காணி என்று வாசித்து, தெற்கே ஓடை என்றபோது சிவஞானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவர் எங்கள் அலுவலகத்து ஜெயலெட்சுமி அக்கா. மற்றவராக வரவேண்டிய நிமலனின் மச்சான் இன்னும் வந்து சேரவில்லை. "அண்ணே, நீங்க போடுங்க," என்று நிமலன் பேனையை நீட்டினார்.

சிவஞானம் கண்ணாடியை மாட்டி, முழுப் பக்கத்தையும் சிங்களத்திலேயே மெதுவாக வாசித்தார். பிறகு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் எழுந்த பிறகு என் மேசைக்கு வந்தார். "இதுல ஒரு பிரதி கெடைக்குமா மகள்?"

சாட்சிக்குப் பிரதி கொடுப்பதில்லை. நான் நொத்தாரிசைப் பார்த்தேன். அவர் நிமலனைப் பார்த்தார். நிமலன் தலையாட்டினார்.

சிவஞானம் அந்தத் தாளை மடிக்காமல் பிடித்தபடி பசறை பஸ்ஸுக்கு நடந்தார். அந்த பஸ் அந்தக் காணியைத் தாண்டித்தான் போகும்.