எடைமேடைக்காரர் கட்டிய குரல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் எடைமேடைக்காரர்தான். ஆறு நாளாகப் படுக்கையறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குப் பார்வை மங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செய்தித்தாள் முதல் மருந்துச் சீட்டு வரை அவர்தான் படித்துக்காட்ட வேண்டும். அவருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. அவளுக்குக் காது புளித்துப்போயிற்று.

"உங்க வாயில எல்லாமே லாரி நம்பர் மாதிரிதாங்க வருது" என்பாள்.

அதைப் பொறுத்துக்கொண்டார். அவளுடைய அக்காவின் விஷயம்தான் உறுத்தியது. வெளியூரில் இருக்கும் அக்கா முன்பெல்லாம் பக்கம் பக்கமாக மெயில் எழுதுவாள். இப்போது அவர் நூலகத்தில் அச்செடுத்து வந்து படிப்பது நான்கே வரி: மழை, மூட்டுவலி, மாத்திரை, மற்றபடி நலம்.

"படிக்கிறது நீங்கன்னு அவளுக்குத் தெரியும். எப்படி மனசுவிட்டு எழுதுவா?" ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. ஆனால் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கென்று யாரும் அதைத் தயாராகச் செய்து வைக்கவில்லை. மூல நிரல் மட்டும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடந்தது. அதை எடுத்து, ஓடக்கூடிய மென்பொருளாக இந்தக் கம்ப்யூட்டரிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். இதிலோ ஒரு வலைத்தளம்கூடத் திறக்கவில்லை. இணைப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, நூலகத்துக்குப் போய் நிரலையும் கருவிகளையும் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு முயற்சியையும் நோட்டில் எழுதினார். நேரம் கைக்கடிகாரப்படி. எடைமேடை இயந்திரத்தின் கடிகாரம் என்றைக்குமே சரியாக ஓடியதில்லை. அங்கே அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். இங்கேயும் கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே, திரை மூலையில் தேதியும் நேரமும் தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டார்.

நான்கு முயற்சிகளும் ஒரே மாதிரி முடிந்தன. கம்ப்யூட்டர் ஆரம்பச் சோதனைகளை வரிசையாக முடிக்கும். அடுத்து கட்டத் தொடங்க வேண்டியதுதான். தொடங்காமல், மறுபடி முதல் சோதனைக்கே போய்விடும். அவரே நிறுத்தும்வரை இப்படியே சுற்றும்.

ஏழாம் நாள் காலை அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள். "அப்படி என்னதான் எழுதுது? படிங்க."

"உனக்கு இது புரியாது."

"நீங்க படிக்கிறதுல எதுதான் புரிஞ்சிருக்கு? படிங்க."

லாரி நம்பர் குரலிலேயே படித்தார். ஒரு வரியை மட்டும் தாண்டிப் போனார்.

"எதையோ முழுங்கினீங்க."

"அது பிழை இல்ல, வெறும் எச்சரிக்கை. கோப்போட தேதி எதிர்காலத்துல இருக்காம்."

"எதிர்காலமா? அப்போ அந்தப் பொட்டிக்கு இன்னைக்கு என்ன தேதி?"

அவர் நகத்தால் காகிதத்தைச் சுரண்டி எடுத்தார். கம்ப்யூட்டர் பன்னிரண்டு ஆண்டு பின்னால் இருந்தது. இந்த வாரம் இறக்கிய கோப்புகள் அதற்கு இன்னும் பிறக்கவேயில்லை. கோப்பு புதிதாக மாறியிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு சுற்றிலும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. வலைத்தளங்கள் திறக்காததற்கும் இந்தத் தேதிதான் காரணம்.

"எத்தனை நாளா அந்தக் காகிதம்?" என்றாள்.

"முதல் நாள்லேர்ந்து."

"நல்லா ஒட்டினீங்க."

கம்ப்யூட்டரின் உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதே அளவு பேட்டரி சமையலறைத் தராசில் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஒரு தராசை அவர் தன் கையாலேயே முடக்கியது அதுதான் முதல் தடவை. தேதியைத் திருத்தி, கோப்புகளை மறுபடி பிரித்து வைத்தார். ஐந்தாவது முயற்சி: தொடக்கம் 10.07, முடிவு 1.52.

குரல் கரகரத்தது, ஆனால் படித்தது.

"ஆம்பளைக் குரலா?"

"பொம்பளைக் குரல் வேணும்னா இன்னொரு தடவை கட்டணும்."

"சாமி, வேணாம்."

இனிமேல் நானே படித்துக்கொள்வேன் என்று அன்றே அக்காவுக்கு எழுதச் சொன்னாள். மறுநாள் பிற்பகல் பதில் வந்தது. அவர் திறந்தார், நீளமாக இருந்தது. பார்வையை விலக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் வெளிய இருங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் போங்க."

மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். முதுகு வலித்தது. கதவுக்கு அப்பால் கரகரத்த குரல் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒரு இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சினாள். நோட்டைத் திறந்து, 'தொடக்கம் 3.20' என்று எழுதினார். சுவரில் தலையைச் சாய்த்தார்.

குரல் எப்போது நின்றது என்று நோட்டில் இல்லை. அவர் தூங்கிவிட்டார்.