பட்டாபியின் மைக்ரோக்ளியா

தில்லி மயூர் விஹார் பூங்காவில் சாயங்காலம் கூடும் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரிகள் நடுவே மரியாதை வேண்டுமென்றால் உருப்படியாக ஒரு வியாதி இருக்க வேண்டும். ரயில்வே தட்சிணாமூர்த்திக்கு இதயத்தில் ஸ்டென்ட். வெங்கடராமனுக்குச் சிறுநீரகக் கல். அண்டர் செக்ரட்டரியாக ஓய்வுபெற்ற பட்டாபிக்கோ சர்க்கரைகூடக் கிடையாது. பெஞ்சின் ஓரத்தில்தான் இடம்.

அவருடைய அம்மா அல்சைமர் வந்து, பெற்ற பிள்ளையையே "யாரு சார் நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவள். அதனால் மகள் ஜ்யோத்ஸ்னா வற்புறுத்தி அப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யவைத்தாள். அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஈ-4 மரபணு ஒரு பிரதி இருப்பதாக முடிவு வந்தது.

நரம்பியல் டாக்டர் இளவரசி பொறுமையாக விளக்கினார். "மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு காவல் செல்கள் இருக்கு சார். கழிவை விழுங்கிச் சுத்தம் பண்ணும். அல்சைமர் அபாயத்தைக் கூட்டற மரபணுக்கள்ல நிறைய அந்த செல்கள்லதான் வேலை செய்யுது. சிலருக்கு அது மந்தமாயிடும். சிலருக்கு வேகம் கூடிப்போய் நல்ல நரம்பு இணைப்பையும் தின்னுடும். ஆனா இது அபாயம்தான், தலையெழுத்து இல்ல."

கடைசி வாக்கியம் பட்டாபியின் காதில் விழவில்லை. மறுநாள் பூங்காவில் "எனக்கு மைக்ரோக்ளியா" என்று அறிவித்தார். தட்சிணாமூர்த்தி நகர்ந்து பெஞ்சின் நடுவில் இடம் கொடுத்தார்.

வீட்டில் வசதி இன்னும் கூடியது. காஸ் புக் பண்ண மறந்தால் மைக்ரோக்ளியா. மச்சினன் வீட்டு கிருஹப்பிரவேசத்துக்குப் போக மறந்தாலும் மைக்ரோக்ளியா. கிரிக்கெட் மேட்ச் மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை.

"உங்க காவல் செல்லெல்லாம் ரொம்ப விவரமா இருக்கே" என்றாள் மனைவி ஜலஜா. பால்காரனின் கணக்கிலிருந்து பட்டாபியின் சட்டை அளவு வரை எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது.

"அம்மா, நீயும் அந்த டெஸ்ட்டைப் பார்த்துடேன்" என்றாள் மகள். பேச்சை முடிப்பதற்காக ஜலஜா குப்பியில் எச்சில் துப்பிக் கொடுத்தாள்.

அவளுக்கு அதே மரபணு இரண்டு பிரதி இருந்தது.

போனில் வந்த முடிவைப் பட்டாபிதான் படித்துக்காட்டினார். "ஜலஜா, இது என்னோடதைவிட..."

"தெரியறது. அதுக்கு என்ன பண்ணணுமாம்?"

"நடக்கணும், நன்னா தூங்கணும், பிரஷரைக் கட்டுக்குள்ள வெச்சுக்கணும்னு டாக்டர் சொன்னா. அப்படியும் வராதுன்னு சொல்லமுடியாதாம்."

"அச்சா. அப்போ நடப்போம்" என்று குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பூங்காவில் தட்சிணாமூர்த்தி, "மைக்ரோக்ளியா எப்படி இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டார். பட்டாபி மழையைப் பற்றிப் பேசினார். மனைவிக்கு இரண்டு என்று சொல்லியிருந்தால் முழு பெஞ்சே கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு காஸை அவரே புக் பண்ணினார். சப்ஜிக்காரனிடம் தன் அரைகுறை ஹிந்தியில் "பையா, ஜல்தி" என்று அதட்டி முற்றின வெண்டைக்காய் வாங்கிவந்தார். ஜலஜா ஒரு வார்த்தைக்குத் திணறினால் அவரே அவசரமாக எடுத்துக்கொடுத்தார்.

ஒரு நாள் அவள் அலமாரியைக் குடைவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்னா, இப்படி முழிக்கறேள்? கண்ணாடியைத்தான் தேடறேன், மூளையை இல்லை. செருப்பைப் போட்டுண்டு கிளம்புங்கோ."

பூங்காவில் அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பட்டாபி மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். பெஞ்சிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.